கல்யாணப் பத்திரிகைத் தெரு

ஹாங்காங்ல வான் சாய் மெட்ரோ ஸ்டேஷன்ல ஏறி வெளிய வந்தா லீ துங் அவென்யூன்னு ஒரு ஷாப்பிங் தெரு, கலர் கலரா முகப்பு, நடுவுல மரம், பண்டிகைன்னா செவப்பு லாந்தர் தொங்கும், எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு எடுக்க மனசு வரல.

அங்க முன்ன இருந்தது லீ துங் ஸ்ட்ரீட். கல்யாணப் பத்திரிகைத் தெருன்னுதான் ஊரே சொல்லும். 1950கள்ல இருந்து பிரஸ்காரங்க ஒவ்வொருத்தரா வந்து சேந்த எடம். பழைய ஆறு மாடிக் கட்டடங்க, கீழ பிரஸ்ஸு, மேல வீடு. பத்திரிகை, வாசல்ல ஒட்டுற புதுவருஷ வாழ்த்துத் தாள், நம்ம மொய்க் கவர் மாதிரி அவங்க காசு வச்சுக் குடுக்கிற செவப்புக் கவர், எல்லாம் அங்கதான் அச்சாகும்.

எங்க சித்தப்பாவுக்கு சிவகாசில டை கட்டிங் வேலை, அட்டைய வேணுங்கிற வடிவத்துல வெட்டுறது. அதனால தெரியும், ஒரு பத்திரிகைய எந்தக் கடையும் தனியா செஞ்சு முடிக்காது. பேப்பர் ஒருத்தர்ட்ட, அச்சு ஒருத்தர்ட்ட, தங்க ஃபாயில் அடிக்க இன்னொருத்தர்ட்ட, வெட்டி மடிக்க வேற ஆளுன்னு அந்தக் கட்டு பொழுதுக்கும் கைமாறிட்டே இருக்கும், அவசரம்னா நாலு கடை தள்ளிப் போய் "அண்ணாச்சி, நாளைக்குள்ள வேணும்"னு சொன்னாப் போதும். லீ துங்லயும் அப்படித்தான் நடந்துச்சு. தொழில் கடைக்குள்ள இல்ல, தெருவுல இருந்துச்சு.

2003ல நகரப் புதுப்பிப்பு ஆணையம் தெருவ இடிச்சுக் கட்டப்போறோம்னு அறிவிச்சுச்சு. வீடு, கடைக்காரங்களுக்கு இழப்பீடு சதுர அடிக் கணக்குல வந்துச்சு. பக்கத்துக் கடைங்கிறத எந்தக் கணக்குல சேக்குறது?

தெருக்காரங்க வேணாம்னு மட்டும் சொல்லிட்டு நிக்கல, அவங்களே ஒரு பிளான் போட்டாங்க, நடுவுல பழைய கட்டடம் அப்படியே இருக்கட்டும், உயரமான அடுக்குமாடி டவர் ரெண்டு முனைலயும் வரட்டும்னு. பாக்க டம்பெல் மாதிரி இருந்ததால டம்பெல் பிளான்னே பேரு. 2005ல ஹாங்காங் நகரத் திட்டமிடுவோர் சங்கம் அதுக்கு வெள்ளி விருது குடுத்துச்சு. அனுமதி குடுக்க வேண்டிய நகரத் திட்ட வாரியம் ஏத்துக்கல. 2007 கடைசில கட்டடங்க இடிபடுறப்ப தெருக்காரம்மா ஒருத்தங்க உண்ணாவிரதம் இருந்தாங்க. அதுவும் நிறுத்தல.

சில பிரஸ்ஸுங்க பக்கத்துத் தெருக்களுக்குப் போயிருக்கு. தேடிப் போய் ஒரு கடைல பெரியவர்ட்ட ஃபாயில் எங்க அடிப்பீங்கன்னு கேட்டேன். பஸ் ஸ்டாப் இருக்கிற பக்கம் கை காட்டினாரு.