கிரயப் பணம் கொடுத்து வாடகைக்கு வாங்கும் கேம்கள்

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு கேமைக் கூடையில் போட்டுவிட்டு, பணம் கட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் வாங்குவது அந்தப் பொருளுக்கான உரிமத்தை மட்டுமே என்று ஒரு வரி இருக்கும். 2024 அக்டோபரில்தான் அது அங்கே வந்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு மனசாட்சி உறுத்தி வந்ததல்ல. கலிபோர்னியாவின் ஏபி 2426 என்ற சட்டம் அதற்கு முந்தைய மாதம் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. உரிமம் மட்டும் தருகிற கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் என்றைக்கும் பயன்படுத்தக் கூடியவற்றுக்கு விலக்கு உண்டு.

நம் ஊர்ப் பத்திரக் கணக்கில் சொன்னால் விஷயம் சட்டென்று விளங்கும். கிரயம் என்றால் சொத்து உங்களுடையது. போக்கியம் என்றால் கெடு முடிந்ததும் கொடுத்த பணம் திரும்பி வரும். வாடகைக்கு மாதக் கணக்கு உண்டு. கேம் கடை நம்மிடம் வாங்குவது கிரய விலை. கைக்கு வருவதோ எத்தனை வருடம் என்று எழுதாத வாடகைச் சீட்டு. விலை 60 டாலரா, 70 டாலரா என்ற சண்டையைவிட இந்த எழுதாத கெடுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

இதற்குச் சரியான சாட்சி யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி கட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள்; 2024 மார்ச் 31 அன்று சர்வரையும் நிறுத்தினார்கள். டிஸ்க் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான், உள்ளே போக முடியாது. அதோடு விடவில்லை. சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் சொந்த முயற்சியில் ஒரு மாற்று சர்வர் எழுதி ஓட்டலாம் என்றால் அதற்கும் கோப்பு வேண்டுமே! இணையமில்லாமல் ஓடும்படி மாற்றுவது முடியாத காரியமும் அல்ல. எதிர்ப்பு கிளம்பிய பிறகு இதே நிறுவனம் ‘தி க்ரூ 2’-க்கு ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் பெரிய கேம்களுக்கு 2005 வாக்கில் 60 டாலர் நிலைத்தது. 2020-இல் 70 ஆனது. 2025 ஜூனில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவியோடு வந்த ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ 80-ஐத் தொட்டது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’-க்கு 80 என்று அறிவித்து, பிறகு 70-க்கு இறங்கி வந்தது. ஸ்டீமில் நாட்டுக்கு நாடு விலை மாறும். வால்வ் ஒரு பரிந்துரைப் பட்டியல் கொடுத்தாலும் கடைசியில் விலை வைப்பது கேம் வெளியீட்டாளர்தான். இந்தியாவுக்கு ரூபாய் விலை. இலங்கைக்குத் தெற்காசிய டாலர் வட்டார விலை. அர்ஜென்டினா, துருக்கி இரண்டும் ஒரு காலத்தில் மலிவு விலைக்குப் பேர்போனவை. 2023 நவம்பரில் அங்கும் டாலர் வந்துவிட்டது. இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் போட்டு வேறு நாட்டு விலையில் வாங்குவது ஒப்பந்த மீறல். பிடிபட்டால் அந்த ஒரு கேமோடு போகாது, முழுக் கணக்கும் முடங்கலாம். ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பத்து வருடம் சேர்த்த நூலகத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி, ஒரு கேமின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

வாங்கும் முன்பே கடைப் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். டெனுவோ போன்ற வெளிப் பூட்டு (திருட்டு நகலைத் தடுக்கும் மென்பொருள்) இருந்தால், அல்லது வேறு நிறுவனத்தில் தனிக் கணக்கு தேவைப்பட்டால், அங்கே ஒரு பெட்டியில் எழுதியிருக்கும். வாங்கிய பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் என்பதால், சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள். தரவிறக்க நேரம் இந்த 2 மணியில் சேராது. ஆனால் கேமுக்கு முன்னால் திறக்கும் தனி லாஞ்சர் செயலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் சேரும்.

நிறுவியதும் ஒருமுறை சாதாரணமாகத் திறந்து மூடுங்கள். நூலகத்தில் கேம் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, ‘மேனேஜ்’ வழியாக ‘பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ்’ போனால் கேமின் ஃபோல்டர் திறக்கும். இப்போது ஸ்டீமை முழுதாக மூடுங்கள். ஜன்னலை மூடினால் போதாது. கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள சின்னத்தில் வலது கிளிக் செய்து வெளியேற வேண்டும். வைஃபையைத் துண்டித்துவிட்டு, ஃபோல்டரில் உள்ள இயக்கக் கோப்பை நேரடியாகத் தட்டுங்கள். கேம் திறந்து ஆட முடிந்தால் பூட்டு இல்லை என்பதற்கு நல்ல அறிகுறி. ஸ்டீம் எழுந்து வந்தால் அதன் தயவு தேவை. ஸ்டீமின் ஆஃப்லைன் முறையில் ஓடுகிறதா என்று அடுத்துப் பாருங்கள். சர்வரைத் தேடிச் சுற்றிக்கொண்டே நின்றால் அது இன்னொரு ‘தி க்ரூ’.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. டெனுவோ முதல் முறை இணையத்தில் அனுமதி வாங்கி, ஒரு டோக்கனை அதே கணினியில் சேமித்து வைக்கும். அதனால் அந்தக் கணினியில் இணையமில்லாமலும் ஓடி உங்களை ஏமாற்றும். பிராசஸரை மாற்றினாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ டோக்கன் செல்லாமல் போய், திரும்ப சர்வரைக் கேட்கும். ஆகவே ஃபோல்டரை இன்னொரு கணினிக்கு நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அங்கே ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று பிழை வந்தால் உடனே பூட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் விஷுவல் சி++ அல்லது டைரக்ட்எக்ஸ் துணைக் கோப்புகள் அந்தக் கணினியில் இருக்காது, அவ்வளவுதான். அவற்றை நிறுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

பொறுமைக்கு இங்கே இரட்டை லாபம். டெனுவோவுக்கு வெளியீட்டாளர் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால், விற்பனை சூடு ஆறியதும் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். 2021 மேயில் வந்த, கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’-இலிருந்து 2023 ஏப்ரலில் டெனுவோ போனது. காத்திருந்து வாங்கியவருக்கு விலையும் குறைவு, பூட்டும் குறைவு. ஆனால் எல்லாம் நல்ல திசையிலேயே நகரும் என்று நம்ப முடியாது. அதே கேப்காம் 2024 ஜனவரியில் ‘ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ்’ என்ற பழைய கேமுக்குப் புதிதாக ஒரு பூட்டைச் சேர்த்தது. கேம் திணறுகிறது என்று கூச்சல் எழுந்ததும் எடுத்தது. விற்று முடித்த பொருளுக்குள் கை விடுவது இதோடு நிற்பதில்லை. 2018 ஏப்ரலில் ‘ஜிடிஏ 4’-இன் பாட்டு உரிமங்கள் பத்து வருடக் கெடு முடிந்து, வாங்கியவர்களின் கேமிலிருந்தே ரேடியோ பாடல்கள் பல நீக்கப்பட்டன.

இதற்கெல்லாம் இப்போதைக்கு உள்ள நல்ல மருந்து, பூட்டில்லாத கேம்களை விற்கும் ஜி.ஓ.ஜி. இணையக் கடை. அவர்கள் தருவதும் சட்டப்படி உரிமம்தான், மறுவிற்பனை கிடையாது. ஆனால் சாவி உங்கள் கையில். அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் விட்டால் அந்தப் பயனும் இல்லை. தளத்தில் உள்நுழைந்து, நூலகத்தில் கேமைத் தட்டினால் ஆஃப்லைன் நிறுவிகளுக்கென்று தனிப் பகுதி இருக்கும். பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், அதிகபட்சம் 4 ஜிபி அளவில் வெட்டிய, ‘.bin’ என்று முடியும் பல கோப்புகளும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்று அந்தக் கோப்பைக் கேட்கும். கூடுதல் கதைத் தொகுப்புகளுக்கு நிறுவி தனி, அவற்றை மறக்காதீர்கள். வெளி ஹார்டு டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபி எட்டும் கோப்பு ஏறாது. ஃபோல்டர் பெயரில் தேதியைப் போட்டு வையுங்கள், பழைய பதிப்பை அழிக்காதீர்கள். ஒரே டிஸ்கில் மட்டும் வைப்பது பாதுகாப்பு ஆகாது. இரண்டாவது நகல் வேண்டும். இறக்கிய உடனே இன்னொரு கணினியில் நிறுவி ஓட்டிப் பார்த்தால் கெட்டுப்போன கோப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். ஸ்டீமிலும் காப்புப் பிரதி வசதி உண்டு என்பார்கள். அதைத் திரும்ப ஏற்ற ஸ்டீமில் உள்நுழைய வேண்டும் என்பதால் அது நெட் செலவை மிச்சம் பிடிக்க மட்டுமே உதவும்.

டிஸ்கின் உண்மையான மதிப்பு மறுவிற்பனையில். 4,999 ரூபாய்க்கு வாங்கிய பிஎஸ்5 டிஸ்க், முடித்ததும் 3,000-க்குப் போனால் உங்கள் செலவு 1,999. டிஜிட்டல் விலை 3,499-க்கு இறங்கினாலும் டிஸ்க்கே மலிவு. இந்தக் கணக்கைப் போடாமல் டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 வாங்கிவிட்டு வருந்துபவர்கள் அதிகம். ஸ்விட்ச் 2-இல் கவனம் தேவை. ‘கேம் கீ கார்டு’ என்று பெட்டியின் முன்பக்கம் கீழே அச்சிட்டிருந்தால், கார்டுக்குள் கேம் இல்லை, சாவி மட்டுமே. இணையத்தில் முழுதாக இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகும் ஆடும்போது கார்டு செருகியிருக்க வேண்டும். விற்கலாம், கைமாற்றலாம். இறக்கித் தரும் சர்வர் போனால் கார்டு வெறும் பிளாஸ்டிக்.

டிஜிட்டல் கேமை மறுவிற்பனை செய்யும் உரிமை வேண்டும் என்று பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு வால்வ் மீது வழக்குப் போட்டது. 2019-இல் கீழ்நிலையில் வென்று, 2022-இல் மேல்முறையீட்டில் தோற்று, 2024-இல் உச்ச நிலையிலும் தோற்றது. அந்தக் கதவு இப்போதைக்கு மூடியாயிற்று. ‘தி க்ரூ’ மூடலையொட்டி ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது வேறு: சர்வரை என்றென்றும் ஓட்டு என்பதல்ல, நிறுத்தும் அன்று வாங்கியவர் ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்பது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டினார்கள்.

அந்தக் கோரிக்கை சட்டமாகும் வரை, எப்போதும் இணையம் கேட்கும் கேமுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். மாதச் சந்தாவில் கிடைத்தால் ஒரு மாதம் கட்டி ஆடிவிட்டு வெளியே வாருங்கள். கேமுக்குள் விற்கும் காயின், வைரம் போன்றவற்றை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டாம். மூடல் அறிவிப்பு வந்ததும் முதலில் நிறுத்துவது பெரும்பாலும் அவற்றின் விற்பனையைத்தான், மிச்சம் இருப்பதற்குப் பணம் திரும்ப வரும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இருக்காது.