எட்டு புள்ளி மூன்று

வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் எல்லோரும் என் கண்ணில் படாமல் நடமாடப் பழகிவிட்டார்கள். புது இசை ஆல்பங்களைக் கேட்டு, விமர்சனம் எழுதி, மதிப்பெண் போடுகிற ஆள் நான். 2015 ஜூலையில் புது ஆல்பங்கள் வெளிவரும் நாளை உலகம் முழுக்க வெள்ளி என்று ஆக்கியதிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கொரு கிழமை இருந்தது. அப்போது உங்கள் தொல்லை வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது, இப்போது ஒரே நாளில் மொத்தமாகக் கிடைக்கிறது என்பது மனைவியின் விமர்சனம். அவள் மதிப்பெண் போடுவதில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

இந்த வாரம் வந்தது ஒரு மின்னிசை ஆல்பம். ஒன்பது பாட்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை, நடந்ததில் அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் பழைய போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்தேன். காது வேலை செய்யும்போது கை சும்மா இருக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். ஐம்பது நிமிடம் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கேட்டேன். நடுவில் இரண்டு போர்வையைத் தப்பாக மடித்ததாக அப்புறம் புகார் வந்தது. அவ்வளவு லயிப்பு.

கேட்ட சூட்டோடு எழுதிவிட வேண்டும். முன்பெல்லாம் விமர்சகர்களுக்கு ஆல்பம் சில வாரங்கள் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். 2013 டிசம்பரில் அமெரிக்கப் பாடகி பியான்சே ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தைத் திடுதிப்பென்று வெளியிட்டபோது அத்தனை பேரும் அரக்கப்பரக்க எழுத வேண்டியதாயிற்று. அந்த வேகத்தை நானும் பிடித்துக்கொண்டேன். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

எழுதியதிலிருந்து சில மணிகளை மட்டும் இங்கே தருகிறேன். "குரலை அடியோடு துறந்த துணிச்சல்." "ஒன்பது பாட்டும் ஒரே மூச்சில் விட்டதுபோல ஓர் ஒருமை." "இரண்டாவது பாட்டு சற்றுப் பலவீனம். ஐந்தாவதில் சோகம் ஒரு படி இறங்குகிறது. ஏழாவது இந்த ஆல்பத்தின் சிகரம்." இதோடு விட்டேனா? 1978இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்துக்காக வெவ்வேறு நீளமுள்ள டேப் சுருள்களை ஒன்றாகச் சுழலவிட்டார். சுருள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி விலகி, அதே சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சேர்ந்துகொள்ளும். "அந்த நுட்பத்தின் நேர் வாரிசு இவர், கூர்ந்து கேட்பவருக்கே மாற்றங்கள் புலப்படும்" என்று முடித்து, 8.3 போட்டு, நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

ஏன் 8.3? இதைப் பெரியவனும் அடிக்கடி கேட்கிறான். அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் ஆரம்பித்தபோது பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஏ, பி, சி என்றுதான் போட்டார். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் வந்து பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வைத்தது. 8.2க்கும் 8.3க்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழையில்தான் என்னைப் போன்றவர்களின் மானமே தொங்குகிறது. அவர்களே 2006இல் ஜெட் என்ற ராக் குழுவின் ஓர் ஆல்பத்துக்கு 0.0 போட்டு, விமர்சனம் என்று ஒரு வரிகூட எழுதாமல், ஒரு குரங்கு தன் வாயிலேயே சிறுநீர் கழிக்கும் வீடியோவை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் அந்த அளவுக்கு இறங்கியதில்லை.

காலையில் பெரியவன் வந்தான்.

"அப்பா, குரலே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவது பாட்டுல ஒரு அம்மா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாடுறாங்களே?"

"அது சிந்தசைசர்டா. குரல் மாதிரி இருக்கும்."

"ஆறாவதுல ஒருத்தர் ராப் பண்றாரு. அதுவும் சிந்தசைசரா?"

போனை எடுத்துப் பார்த்தேன். ரிப்பீட் குறி எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் பொடியாக ஒரு '1'. முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதையே ஒன்பது முறை கேட்டிருக்கிறேன். அதே பாட்டு இரண்டாவது முறை பலவீனம், ஐந்தாவது முறை சோகம், ஏழாவது முறை சிகரம். அந்த ஒருமை மட்டும் உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது.

இதைவிடக் கேவலம் குழுவில் காத்திருந்தது. நாங்கள் 'வித்வான்' என்று கூப்பிடும் நண்பர், நான் எழுதியதற்குக் கீழே நீளமாகப் பதில் போட்டிருந்தார். ஏழாவது பாட்டு தனி ரகம்தானாம். இரண்டாவதைப் பற்றி நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாம். ஐந்தாவதின் சோகம் அவரைத் தூங்கவே விடவில்லையாம். 8.3 கொஞ்சம் கஞ்சத்தனம், அவராக இருந்தால் 8.5 போட்டிருப்பாராம். பாவம், அவரைக் காட்டிக்கொடுத்தால் நானும் மாட்டுவேன். ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

மதிப்பெண்ணைத் திருத்தலாமா என்று யோசித்தேன். முன்னுதாரணம் இருக்கிறது. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னிசை ஜோடியின் 'டிஸ்கவரி' ஆல்பத்துக்கு 2001இல் 6.4 கொடுத்த பிட்ச்ஃபோர்க், 2021இல் பழைய விமர்சனங்கள் 19ஐ எடுத்துத் திருத்தி, அதற்குப் பத்துக்குப் பத்து போட்டது. அவர்களுக்கே இருபது வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு ஏன் அவசரம்?

சரி, அந்த '1'ஐ அமுக்கியது யார்?

"பாட்டிக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன். தினமும் ராத்திரி அதே பாட்டுதான் கேக்குறாங்க" என்றான் பெரியவன்.

அம்மா கேட்கும் பாட்டுப் பட்டியலைத் திறந்தால், போன வருஷம் நான் கிழித்துத் தொங்கவிட்ட ஓர் ஆல்பம். 5.1. "தூக்கத்தைத் தவிர வேறெதையும் வரவழைக்காத இசை" என்று எழுதி, அந்த வரிக்காக இரண்டு நாள் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் போய், "இதுல என்னம்மா இருக்கு, வெறும் இரைச்சல்தானே?" என்றேன்.

"நல்லா தூக்கம் வருதுடா. உங்கப்பா குறட்டை மாதிரியே இருக்கு."

சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "நடுவுல நிக்கும் பாரு" என்றாள்.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு, ஹெட்போன் இல்லாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். அடியில் ஒரு கர்ர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாலாவது நிமிடத்தில் சட்டென்று நிற்கிறது. அப்பாவுக்கும் இப்படித்தான் நிற்கும். நாங்கள் அத்தனை பேரும் இருட்டில் முழித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, அடுத்த குறட்டைக்காகக் காத்திருப்போம். வந்ததும்தான் திரும்பிப் படுப்போம்.

வந்தது.

புது ஆல்பத்தின் மிச்சம் எட்டுப் பாட்டை இன்னும் கேட்கவில்லை. போன் அம்மாவிடம் இருக்கிறது.