பதினைந்து வயசு ஆர்15

ஜூன் 7, 2025, சனி

ஆகஸ்டில் என் யமஹா ஆர்15 பைக்குக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குள் ரிப்பேர் வேலையை முடித்துவிடலாம் என்று, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன்.

கேட்டது செயின் செட், அதாவது செயினும் அது ஓடும் முன், பின் ஸ்ப்ராக்கெட் பல்சக்கரங்களும். கடைக்காரர் எடுத்து வைத்தது சத்தம் போடும் சைலன்சர். "சத்தம் இல்லன்னா ஆர்15ன்னு யாருக்குத் தெரியும் தம்பி?" மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. அது கிடக்கட்டும், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லெல்லாம் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னாலிருந்து செயினை இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிகிறது. இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால், பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செட்டாகத்தான் வாங்கினேன். "முன்னால ஒரு பல் கம்மியா போடுங்க, இழுவை பிச்சுக்கும்" என்றார். இழுக்கும்தான். ஆனால் தினமும் ஸ்ரீபெரும்புதூர் வரை ஹைவேயில் போகிறவனுக்கு ஆறாவது கியரில் இன்ஜின் சும்மா கத்திக்கொண்டே வரும். கம்பெனி அளவே போதும்.

ஜூன் 10, செவ்வாய்

பிரேக் பேட், கூலன்ட் மாற்றியாச்சு. சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை. இடது ஃபேரிங், அதாவது பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி, உடைந்து ரொம்ப நாளாச்சு. குவியலிலிருந்து நாலைந்து பேனலை உருவிப் போட்டார் கடை அண்ணன். கீறலைப் பார்க்கவே இல்லை, பெயின்டில் போய்விடும். உள்பக்கம் பேனலை மாட்டும் லாக் காது முழுசாக இருக்கிறதா என்றுதான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். காது போனால் ஓட ஓடக் கடகடவென்று ஆடும். இங்கே பிளாஸ்டிக், ஃபுட்ரெஸ்ட், கிராப் ரெயில் தாராளமாக வாங்கலாம். பிரேக், பேரிங் பக்கம் போகவே மாட்டேன். நம்பர் குத்திய இன்ஜின் பாகம் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆர்.டி.ஓ.வில் முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான்.

"வி2 டெயில் ஒண்ணு இருக்கு, ஸ்பிளிட் சீட்டோட" என்றார். என் வண்டிக்கு அடுத்து வந்த மாடலின் வால் பகுதி, சீட் இரண்டு துண்டு. பார்க்க அழகுதான். அம்மா புடவையோடு ஒருக்களித்து அதில் உட்கார்ந்த மாதிரிதான்! முதல் மாடலான என் வி1-இன் ஒரே நீள சீட் இருக்கட்டும்.

ஜூன் 21, சனி

டயர். பின்னால் 130 மி.மீ. அகல டயர் போடச் சொல்லாத ஆளே இல்லை. வி2-வுக்கு அது சரி, ரிம்மும் அகலம். வி1 ரிம்மில் ஏற்றினால் இரண்டு பக்கமும் நெருக்கி, நடுவில் கூம்பாக நிற்கும். பழையபடி 100 மி.மீ. அகலமுள்ள 100/80-17 அளவே வாங்கினேன். பக்கவாட்டில் பொறித்த நாலு இலக்கத்தைக் கடை வாசலிலேயே பார்த்தேன். முதலில் கொடுத்தது 3122, அதாவது 2022-இன் 31-ஆவது வாரம் தயாரான டயர். திருப்பிக் கொடுத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளே போய் 0925 எடுத்து வந்தார்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இடது பக்கம் ஆயில் லேசாகக் கசிகிறது. சீல் மாற்ற வேண்டும், சம்பளம் வரட்டும்.