சி60 யாருக்கு உறவு: பென்சீனுக்கா, எத்திலீனுக்கா?

அறுபது கார்பன் அணுக்களாலான பந்து மூலக்கூறான சி60 குறித்து நான் தமிழில் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் அதன் வடிவ அழகை வியப்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த வடிவத்தைவிட, பிளாட்டினம், இரும்பு போன்ற ஓர் இடைநிலை உலோக அணு அதை நெருங்கும்போது நிகழ்வதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

1985-இல் ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோரின் குழு சி60-ஐ இனங்கண்டபோது, குடுவையில் எடுத்து வினைபுரியச் செய்யும் அளவுக்கு அது கிடைக்கவில்லை. 1990-இல் கிரேட்ச்மர், ஹஃப்மன் குழுவினர் ஹீலியம் சூழலில் கிராஃபைட்டை ஆவியாக்கி அதைக் கணிசமான அளவில் பிரித்தெடுக்க வழிகண்ட பிறகே உண்மையான வேதியியல் தொடங்கியது. 20 அறுகோணங்களும் 12 ஐங்கோணங்களும் கொண்ட இந்த மூலக்கூறு, ஆறு கார்பன் வளையமான பென்சீனைப் போல முழு வளையத்தையும் உலோகத்துக்குக் கொடுக்குமா, அல்லது இரு கார்பன்கள் மட்டுமே கொண்ட எத்திலீனைப் போல ஓர் இரட்டைப் பிணைப்பை மட்டும் நீட்டுமா என்பதே அப்போது எழுந்த கேள்வி.

டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பால் ஃபேகனும் அவருடைய சகாக்களும் 1991-இல் இதற்கு விடை கண்ட முறை, எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான சோதனைகளுள் ஒன்று. மூன்று அசிட்டோநைட்ரைல் ஈனிகளை (உலோகத்தோடு பிணைந்திருக்கும் துணை மூலக்கூறுகளை) தளர்வாகப் பிடித்திருக்கும் ஒரு ருத்தீனியம் சேர்மத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பென்சீன் வகை வளையத்தைச் சந்தித்தால் அது மூன்று ஈனிகளையும் உதறிவிட்டு ஆறு கார்பன்களோடும் ஒருசேரப் பிணையும். எலக்ட்ரான் குறைந்த ஆல்க்கீனை (எத்திலீன் போல இரட்டைப் பிணைப்புள்ள சேர்மத்தை) சந்தித்தால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு இரண்டு கார்பன்களைப் பற்றும். சி60-ஓடு சேர்ந்த ஒவ்வொரு ருத்தீனியமும் ஒரே ஓர் அசிட்டோநைட்ரைலை மட்டுமே இழந்தது. எத்திலீனைத் தாங்கியிருந்த ஒரு பிளாட்டினம்-பாஸ்ஃபீன் சேர்மமோ (பாஸ்ஃபீன் என்பது பாஸ்பரஸ் கொண்ட ஓர் ஈனி) எத்திலீனை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் சி60-ஐ அமர்த்திக்கொண்டது.

அந்தப் பிளாட்டினம் சேர்மத்தின் படிக அமைப்பில், இரண்டு அறுகோணங்கள் சந்திக்கும் விளிம்பின் மேல்தான் உலோகம் இருந்தது. சி60-இல் அத்தகைய விளிம்புகள் 30. அறுகோணமும் ஐங்கோணமும் சந்திக்கும் விளிம்புகள் 60. முதல் வகை ஏறத்தாழ 1.39 ஆங்ஸ்ட்ராமும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), இரண்டாம் வகை ஏறத்தாழ 1.45 ஆங்ஸ்ட்ராமும் நீளமுடையவை. எனவே இரட்டைப் பிணைப்பின் இயல்பு முதல் வகையிலேயே மிகுதி. பிளாட்டினம் பற்றிய விளிம்பு சுமார் 1.50 ஆங்ஸ்ட்ராம் வரை நீண்டு, அதன் இரு கார்பன்களும் பந்தின் பரப்பிலிருந்து வெளிப்புறமாக இழுக்கப்பட்டிருந்தன.

இதற்குக் காரணங்கள் மூன்று. பந்தின் வளைவால் அறுகோணத்தின் ஆறு பி ஆர்பிட்டால்களும் (எலக்ட்ரான்கள் உலவும் வெளிகளும்) ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல் வெளிநோக்கி விரிகின்றன. ஆகவே நடுவில் அமரும் ஓர் உலோகத்தால் ஆறையும் ஒருசேர நன்கு பற்ற முடிவதில்லை. மறுபுறம், ஒரு விளிம்பின் இரு கார்பன்களும் நான்முகி வடிவத்தை நெருங்கினால் அவ்விடத்து இறுக்கம் தளர்கிறது. மேலும், கரைசலில் படிப்படியாக ஆறு எலக்ட்ரான்கள் வரை ஏற்கக்கூடிய சி60-க்கு, தன் டி ஆர்பிட்டால்களிலிருந்து எலக்ட்ரானைத் தரவல்ல உலோகம் நல்ல துணை. ஓர் உலோகம் ஏறியபின் எலக்ட்ரானை ஏற்கும் ஆவல் சற்றுக் குறைந்தாலும், அதே டூபான்ட் குழு ஆறு பிளாட்டினங்களை எண்முகியின் ஆறு முனைகளிலும் நிற்கவைத்தது.

ஆக்சிஜனைப் பற்றிப் பின் விட்டுவிடவும் வல்ல, வாஸ்கா என்ற வேதியியலாளரின் பெயரால் அறியப்படும் இரிடியம் சேர்மம் சி60-ஐயும் அவ்வாறே பற்றிப் பின் விடுகிறது என்று வேதியியலாளர் ஆலன் பால்ச்சின் குழு காட்டியது. எழுபது கார்பன்கள் கொண்ட நீள்வடிவான சி70-இல் அதே இரிடியம், வளைவு மிகுந்த துருவப் பகுதியின் விளிம்பையே தேர்ந்தெடுத்தது; வளைவுதான் வினையை நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலோகத்தைச் சி60-இன் ஐந்து கார்பன்களோடு ஒருசேரப் பிணையவைக்க, பந்தையே முதலில் மாற்றவேண்டியிருந்தது. ஒரு ஐங்கோணத்தைச் சுற்றியுள்ள ஐந்து கார்பன்களில் கரிமத் தொகுதிகளை ஏற்றினால், அந்த ஐங்கோணம் பந்தின் ஏனைய பகுதியின் எலக்ட்ரான் வலையிலிருந்து தனித்து, ஃபெரோசீனில் (இரு ஐங்கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு அமர்ந்த சேர்மத்தில்) உள்ள வளையத்துக்கு நிகராகிவிடுகிறது. டோக்கியோவில் சவமுராவும் நகமுராவும் இவ்வழியில் 2002-இல் ஃபெரோசீனையும் ஃபுல்லரீனையும் (சி60 போன்ற கார்பன் கூண்டு மூலக்கூறையும்) ஒரே மூலக்கூறாக்கினார்கள்.

உலோகம் கூண்டுக்குள் இருக்கும்போது விதி வேறு. ஸ்காண்டியம், இட்ரியம், லாந்தனைடுகள் போன்று எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகங்களே பெரும்பாலும் உள்ளே அமர்கின்றன. 1999-இல் அறிவிக்கப்பட்ட, மூன்று ஸ்காண்டியமும் ஒரு நைட்ரஜனும் சி80-க்குள் அடைபட்ட சேர்மத்தில், உள்ளிருக்கும் தொகுதி கூண்டுக்கு ஆறு எலக்ட்ரான்களை வழங்குவதாகக் கருதப்படுகிறது. தனித்து நிலைக்காத கூண்டு அதனாலேயே நிலைபெறுகிறது.

கார்பனின் தட்டையான ஒற்றை அடுக்கான, வளைவே இல்லாத கிராஃபீனில் உலோகத்தின் இயல்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நிக்கல் பரப்பில் அது ஏறத்தாழ 2.1 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் வலுவாக ஒட்டுகிறது. டி ஆர்பிட்டால்கள் நிரம்பிய செம்பின் மேலோ 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் அப்பால் தளர்வாகக் கிடக்கிறது. கார்பன் செம்பில் மிகச் சொற்பமாகவே கரைவதால் அதன் மேல் கிராஃபீனை வளர்க்கும்போது ஒற்றை அடுக்கோடு வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிக்கலிலோ உள்ளே கரைந்த கார்பன் குளிரும்போது வெளியேறிப் பல அடுக்குகளாகப் படிகிறது.