மகளின் முதல் மான்: மீக்கர் நாட்குறிப்பு

அக்டோபர் 25, 2024, வெள்ளி

காலை ஏழு மணிக்கு டென்வரில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு, கொலராடோவின் வடமேற்கில் இருக்கும் மீக்கர் ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஐ-70 நெடுஞ்சாலையில் மலையேறி, 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி, கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, ரைஃபிள் என்ற ஊரில் வடக்கே திரும்ப வேண்டும். ஊரின் பெயரே அதுதான்.

வண்டியில் நான், மனைவி, மகள், மாப்பிள்ளை. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நேற்றே வந்து பண்ணை வீட்டில் அடுப்பு மூட்டி வைத்திருந்தார்கள். கூடவே சம்பந்தியின் நாற்பது வருட நண்பர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

வேட்டை உரிமம் இருப்பது இரண்டே பேருக்கு: மகளுக்கும் அந்த நண்பருக்கும். கொலராடோவில் மியூல் டீர் என்ற மானுக்கான உரிமம் கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை. குலுக்கலில் விழ வேண்டும். விழாத வருடத்துக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். 2022–23 குளிர்காலத்தில் இந்த வடமேற்கு மூலையில் பனி இறுகி, மேய வழியில்லாமல் மான்கள் ஏராளமாகச் செத்தன. மாநில வனவிலங்குத் துறை உரிமங்களை வெட்டிக் குறைத்தது. மகள் நாலு வருடம் காத்திருந்தாள்.

சொல்லிக் கொடுத்தவர் சம்பந்தி. கல்யாணமான முதல் வருடமே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறி அட்டை வாங்கிவிட்டாள். அந்த அட்டை இல்லாமல் அவள் வயதுக்காரர்களுக்கு உரிமம் கிடையாது. எனக்கு அப்போது பிடிக்கவில்லை. துப்பாக்கி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்த நாட்டுச் செய்திகள்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை அவளே கூப்பிட்டாள். "நீங்க சுட வேண்டாம்ப்பா. பக்கத்துல உக்காந்து பாருங்க, போதும்."

சாயங்காலம் 100 கஜத்தில் மூன்று தோட்டா சுட்டுப் பார்த்தாள். மூன்றும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும். வழிகாட்டி ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், இந்தப் பண்ணையிலேயே பிறந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு தூரம் வரைக்கும் சுடுவாய்? "250 கஜம். அதுக்கு மேல சுட மாட்டேன்" என்றாள். தலையாட்டினார்.

அக்டோபர் 26, சனி

சீசனின் முதல் நாள். நாலு மணிக்கு எழுந்தோம். சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பிருந்து மறைந்து அரைமணி பின்பு வரைதான் சுடலாம். இங்கே இப்போது ஏழரைக்கு மேல்தான் விடிகிறது. அதனால் இருட்டிலேயே நடந்து போய் ஒரு மேட்டில் உட்கார்ந்தோம்.

வேட்டைக்காரர்கள் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு உடுத்த வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். 2016 முதல் பளீர் ரோஸ் நிறமும் செல்லும். மகள் ரோஸ். கூடப் போகிற எனக்கும் ஓர் ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். மான் கண்ணுக்கு ஆரஞ்சு எடுபடாதாம், மனிதக் கண்ணுக்குத்தான் அந்த நிறம்.

நடக்கும்போது முழங்காலில் சாம்பல் நிறப் புதர்கள் உரசிக்கொண்டே வந்தன. சேஜ்பிரஷ். ஒரு கிள்ளு கசக்கி மூக்கில் வைத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். மரிக்கொழுந்து! கொஞ்சம் காரம் கூடிய மரிக்கொழுந்து. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இரண்டும் ஆர்ட்டிமிசியா என்ற ஒரே பேரினம். மதுரையில் என் அம்மா தலையில் இருந்த வாசம், இருபது வருடமாக நான் வாழும் மாநிலத்தின் மேடெல்லாம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

பதினேழு மான்கள் பார்த்தோம், எல்லாம் பிணைகள் என்கிற பெண் மான்களும் குட்டிகளும். கோவேறு கழுதைக் காது மாதிரி பெரிய காது, அதனால்தான் மியூல் என்ற பெயர். வெள்ளைப் பிட்டம், நுனியில் மட்டும் கறுத்த கயிறு போன்ற வால். மிரண்டால் மற்ற மான் போல ஓடுவதில்லை. நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பி, பந்து துள்ளுவது போலத் துள்ளுகிறது. அப்புறம் மேட்டு உச்சியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது. அந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தால்தான் நிறைய ஆண் மான்கள் உயிரை விடுகின்றன என்றார் வழிகாட்டி.

அக்டோபர் 27, ஞாயிறு

காற்று நாள் முழுக்கத் திசை மாறிக்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நண்பர் மட்டும் மாலையில் ஒரு கவைக்கொம்பு இளம் ஆணை எடுத்தார். கொம்பு சின்னது. அவருக்கு அது பொருட்டே இல்லை, "பெண்டாட்டிக்கு இளங்கறிதான் பிடிக்கும்" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

வழிகாட்டியின் சட்டைப் பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. உள்ளே திருநீறு போல வெள்ளைப் பொடி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அமுக்குவார். ஒரு சிட்டிகை புகை எழும்பி, காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும். விடிந்த பிறகு வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும், அந்தி சாய்ந்தால் கீழே இறங்கும். அவருடைய கணக்கெல்லாம் அதுதான். மானின் கண்ணைக்கூட ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது.

ஒன்பது மணிக்கு எதிர்ச்சரிவில் ஓக் புதருக்குள்ளிருந்து ஓர் ஆண் வெளியே வந்தது. இரண்டு பக்கமும் கொம்பு கவைத்து, அந்தக் கவை ஒவ்வொன்றும் மறுபடி கவைத்து நின்றது. கழுத்து தடித்திருந்தது. மாப்பிள்ளை மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. தூரமானியில் வழிகாட்டி பார்த்துச் சொன்னார்: 340 கஜம்.

மகள் துப்பாக்கியைப் பையின் மேல் சாய்த்து, அதன் குறிபார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். குண்டை அறையில் ஏற்றவில்லை. நெருங்கவும் வழியில்லை, நடுவில் வெட்டவெளி. மான் பத்து நிமிடம் பக்கவாட்டில் நின்று மேய்ந்தது. இதைவிட நல்ல தருணம் வாய்க்காது என்று எனக்கே தோன்றியது. சுடக்கூடாது என்று நினைத்த நானே மனதுக்குள் "சுடும்மா" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், நினைத்தேன்.

அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, "ரொம்ப தூரம்" என்றாள். அவ்வளவுதான். மான் தானாகவே நிழலுக்குள் போயிற்று.

திரும்பி நடக்கும்போது ஏன் என்று கேட்டேன். "வயித்துல பட்டா ரெண்டு நாள் கிடந்து சாகும்ப்பா. நமக்குத் தெரியாமலே போயிடும்." சம்பந்தி பின்னால் முழங்கால் வலியோடு வந்துகொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது அவருக்கு. என் தோளில் கை வைத்தார். நான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு அவர் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு நன்றி சொன்னேன், ஆறு வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 29, செவ்வாய்

பனி. வெளியே போக வழியில்லை. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நிறையப் பேசினோம்.

இந்த ஊரின் பெயரே ஒரு காயம். நேதன் மீக்கர் இங்கே அரசு முகவராக இருந்தவர். யூட் என்ற பூர்வகுடி மக்களை உழவர்களாக மாற்றியே தீருவேன் என்று அவர்களுடைய குதிரைப் பந்தயத் திடலை உழச் சொன்னார். 1879-இல் மோதல் வெடித்து அவரும் அவர் ஆட்களும் கொல்லப்பட்டார்கள். 1881-இல் இந்த ஒயிட் ரிவர் யூட் மக்களை யூட்டாவுக்குத் துரத்திவிட்டார்கள். இந்த மான்களைத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்டவர்கள் அவர்கள். வழிகாட்டி இதைத் தாமாகவே சொன்னார், சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

சம்பந்தி ஒரு தோட்டாவை மேசையில் நிறுத்தி வைத்து, இதிலும் மானுக்கு ஒரு பங்கு உண்டு என்றார். 1937-ஆம் வருடச் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது.

அக்டோபர் 30, புதன்

காலையில் பனி விட்டது. மேலேயிருந்த மான்கள் கீழே இறங்கும் தடம் வரிசையாகத் தெரிந்தது. சுடும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்கு என்று எல்லோர் மனதிலும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

மூன்றரைக்கு எழுந்தால் மனைவி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறாள். ஊரில் தீபாவளிக்கு எழும் நேரமும் இங்கே வேட்டைக்கு எழும் நேரமும் ஒன்றாகிவிட்டது. மகள் தயங்கினாள், வாசனை மானுக்கு எட்டுமே. வழிகாட்டியிடம் கேட்டாள். "காற்று சரியாக இருந்தால் எண்ணெய் ஒன்றும் செய்யாது. காற்று தப்பினால் எண்ணெய் இல்லாவிட்டாலும் ஓடிவிடும்" என்றார். உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாவும் தலையைக் குனிந்து ஒரு சொட்டு வாங்கிக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு, ஜூனிப்பர் மரங்களின் ஓரத்தில் நாலு பிணை, பின்னால் ஓர் ஆண். திங்கட்கிழமை பார்த்ததைவிடச் சின்னது, ஒரு பக்கக் கவை உடைந்திருந்தது. 180 கஜம். மகள் பனியில் குப்புறப் படுத்தாள். ஆணுக்குப் பின்னால் ஒரு பிணை நின்றது. அது நகரும் வரை காத்திருந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்றைம்பதோடு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. பிணை இரண்டு எட்டு வைத்தது.

சத்தம். மான் ஒரு துள்ளு துள்ளி நாற்பது கஜம் ஓடி, முன்னங்கால் மடிந்து சாய்ந்தது. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பின்பக்கமாகப் போய், வழிகாட்டி ஒரு நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை ஆடவில்லை. மகள் மண்டியிட்டு அதன் கழுத்தில் கையை வைத்து அழுதாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உடலுக்குரிய சீட்டில் உடனே தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். குளிரில் பேனா எழுதவில்லை. அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு முதுகு வழியாகத் தோலைக் கீறி உரித்தார்கள். திறந்த இடத்திலிருந்து ஆவி எழும்பியது. "அப்பா, காலைப் பிடிங்க" என்றாள். பின்னங்காலைப் பிடித்துக்கொண்டேன், கைக்குள் இன்னும் சூடு இருந்தது. சின்ன வயதில் தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் ஆடு அடித்துக் கூறு போடும்போது எனக்கு இதே வேலைதான், கால் பிடிப்பது. ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் பிடியைக் கை மறக்கவில்லை. தொடை இரண்டு, முன்சந்து இரண்டு, முதுகுச்சதை, உள்சதை எல்லாம் துணிப்பைகளுக்குள் போயின. அவற்றை விட்டுவிட்டுப் போவது இங்கே குற்றம். நாங்கள் முதல் பையைத் தூக்கும்போதே மேக்பை பறவைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு தொடையை என் முதுகில்தான் சுமந்து வந்தேன்.

நவம்பர் 1, வெள்ளி

நாள் முழுக்கக் கறி வெட்டினோம். எலும்பு நீக்கி 62 பவுண்டு. சம்பந்தி தராசில் நிறுக்கப் போனார். மனைவி தடுத்து, மேசையில் கூறு போட்டாள்: ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், சந்துக்கறி கொஞ்சம், முதுகுச்சதை ஒரு துண்டு. நாலு கூறு: எங்களுக்கு, மகளுக்கு, சம்பந்திக்கு, நண்பருக்கு. வழிகாட்டி வேண்டாம் என்றதால்தான் ஐந்தாவது இல்லை.

தீபாவளிக் கறி சமைக்கத்தான் முடியவில்லை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். மான்களுக்கு ஒரு மூளை நோய் இருக்கிறது, உடல் வற்றிச் சாகும். அதை முதன்முதலில் 1967-இல் இதே கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம்தான் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை சான்று இல்லை. ஆனாலும் நோய் இருந்தால் உண்ண வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. கழுத்து நிணநீர்க் கணுவைப் பார்த்துச் சொல்வார்கள். காத்திருக்கலாம்.

நவம்பர் 2, சனி

வீடு திரும்பினோம். மனைவி பொட்டலங்களில் "சுக்கா", "குழம்பு" என்று தமிழிலேயே எழுதி உறைபெட்டியில் அடுக்கினாள். சட்டைப் பையில் ஒரு கிள்ளு சேஜ்பிரஷ் இருந்தது. அம்மா படத்தின் முன்னால் வைத்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. நோய் இல்லை. மகள் அலுவலகத்திலிருந்தே போன் செய்தாள். மனைவி "குழம்பு" என்று எழுதிய பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும்.