கையெழுத்துக்கு முன்

ஏப்ரல் 3
சர்ச் கணக்கின் வவுச்சர் கட்டு தணிக்கைக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டது. "சும்மா பாத்துட்டுக் கையெழுத்தப் போட்ருங்க அத்தான்" என்கிறான் மச்சினன். எங்கள் சேகரத்துச் சபைகளுக்கு அவன்தான் பொருளாளர்.

ஏப்ரல் 4
அசனக் கணக்கு, அதாவது சபை விருந்துக் கணக்கு, சுத்தம். அரிசி, ஆட்டுக்கறி, விறகு, எல்லாவற்றுக்கும் பில் உண்டு. உறுத்துவது கோபுரத்துக்கு வெள்ளையடித்த கூலி: 18,500. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்தும் இருக்கிறது. விவரம் எழுதிய கையும் கையெழுத்துப் போட்ட கையும் ஒன்று. 'று'வுக்கு அதே நீள வால்.

ஏப்ரல் 5
சந்தையில் பெயின்டரைப் பார்த்தேன். "கூலியா? மகளுக்குச் சுகம் கிடைச்ச பொருத்தனைல்லா அது." நேர்ந்துகொண்டு இலவசமாக அடித்திருக்கிறார். டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு
மகளின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாயிற்று. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்கு ஐந்து பவுன் போட்ட மச்சினன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஏப்ரல் 8
மச்சினனிடம் கேட்டேவிட்டேன். கோபப்படவில்லை, வேதத்தைத் திறந்தான். 2 இராஜாக்கள் 12:15. ஆலய வேலைக்குப் பணம் வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள். "விசுவாசம் வேணும் அத்தான்."

ராத்திரி அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். யோவாஸ் ராஜாவின் 23-ம் வருஷம் வரை ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் மூடியில் துளையிட்ட பெட்டி வருகிறது. பணத்தை எண்ண ராஜாவின் சம்பிரதி (எழுத்தன்) ஒரு ஆள், பிரதான ஆசாரியன் ஒரு ஆள். இரண்டு பேர் எண்ணிக் கொடுத்த பிறகுதான் இவன் காட்டிய வசனம்! பத்தாம் வசனத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறான். பவுலும் காணிக்கை விஷயத்தில் தீத்துவைத் தனியாக அனுப்பவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட அனுப்பினார். யாரும் குறை சொல்லிவிடக் கூடாதாம். பவுலுக்கு இருந்த பயம் எங்கள் சேகரத்துப் பொருளாளருக்கு வேண்டாமா?

ஏப்ரல் 9
வெயில். சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 11
"கல்யாணம் முடியட்டும், பெறவு கேளுங்க" என்கிறாள் மனைவி. அந்த ஐந்து பவுனை எந்தப் பணத்தில் வாங்கினான்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
இரண்டாம் ஓலை. பவனியில் நடந்தபடியே ஓலையைச் சிலுவையாக மடித்து மகளிடம் கொடுத்தான். நல்ல தாய்மாமன்தான். அதுதான் கஷ்டம்.

ஏப்ரல் 15
போதகர் ஐயரிடம் போனேன். "எழுத்துல குடுத்தா கமிட்டியில வச்சே ஆகணும், யோசிச்சுக்கோங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வவுச்சர் எண், தொகை, பெயின்டர் சொன்னது. ஐயரம்மா கொண்டுவந்த காப்பி ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 16
பெயின்டர் வாசலில் நிற்கிறார். "எம் பேர இழுத்துராதிய, கோயில் வேலைய நம்பித்தான் பொழப்பு." பொருத்தனை செய்தவர் பயப்படுகிறார், 18,500 எழுதினவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
சாயங்காலம் திருவிருந்து. கமிட்டி ஈஸ்டர் கழிந்து செவ்வாய்க்கிழமை. அதற்குள் பவுனைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். பீரோ சாவியைத் தர மாட்டேன் என்கிறாள்.