ஷெஃபீல்டு நாட்குறிப்பு: ஏழரையும் எட்டரையும்

செப்டம்பர் 18

வகுப்பு தொடங்கிவிட்டது. டி.பி.எஸ்.ஐ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். போலீஸ், நீதிமன்றம், மருத்துவமனை, கவுன்சில் மாதிரியான இடங்களில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து பேச்சை மொழிபெயர்ப்பதற்கான டிப்ளமோ. அந்தக் காலமாக இருந்தால் துபாஷி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். நான் எடுத்திருப்பது சட்டப் பிரிவு, மொழி ஸ்லோவாக். பெயரைப் பார்த்துவிட்டு என்னைத் தமிழ்ப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நானே போய்ச் சொல்லி மாற்றிக்கொண்டேன்.

கணவரின் வேலைக்காக ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே நகரத்தில் பதினொரு வருஷம் இருந்தோம். அவருக்கு ஆபீஸில் ஆங்கிலமே போதும். எனக்குத்தான் காய்கறிச் சந்தையும் மகனின் பள்ளிக்கூட வாசலும். அங்கே கற்ற ஸ்லோவாக் இது. 2004-இல் ஸ்லோவாக்கியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஷெஃபீல்டுக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். இங்கே பேஜ் ஹால் என்ற பகுதிப் பக்கம் நடந்தால் காதில் விழுவதில் பாதி புரிகிறது. மீதி ரோமா இனத்தவரின் ரோமானி, அங்கே பல பேருக்கு வீட்டு மொழி அதுதான். ஸ்லோவாக் அவர்களுக்கும் பள்ளிக்கூடத்து மொழி. ஆக, நாளைக்கு நானும் எதிரில் இருப்பவரும் ஆளுக்கொரு இரவல் மொழியில்தான் சந்தித்துக்கொள்ளப் போகிறோம்.

அக்டோபர் 2

முதல் விதி: பேசுபவர் யாராக இருந்தாலும் அவராகவே பேச வேண்டும். "அவர் போனதாகச் சொல்கிறார்" என்றெல்லாம் கூடாது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.

கேட்க எளிதாக இருந்தது. தமிழில் 'நான் போனேன்' என்றால் போனது ஆணா பெண்ணா என்று வினையில் தெரியாது. ஸ்லோவாக்கில் தெரியும். ஆண் 'இஷியெல் சொம்' என்பான், பெண் 'இஷ்லா சொம்' என்பாள். இன்றைய பயிற்சியில் எனக்குக் கிடைத்தவர் ஓர் ஆண் போலீஸ்காரர். "நேற்று இரவு நான் அந்த முகவரிக்குப் போனேன்" என்கிறார். பதினொரு வருஷமாக இஷ்லா சொன்ன வாய் இஷ்லா என்றே சொன்னது. அடுத்த வரியிலும் அதேதான். ஸ்லோவாக் ஆசிரியை சிரித்துக்கொண்டே, "அங்கே போனது நீங்களா, அவரா?" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ் கைகொடுத்தது. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ', ஸ்லோவாக்கில் நம் நீ, நீங்கள் போலவே 'தி', 'வி' என்று இரண்டாகப் பிரியும். போலந்து, அரபிக்காரர்களோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆங்கிலேயப் பெண் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொண்டாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து வைத்திருந்தாலும் பெரியவர் என்றால் நீங்கள்தான்.

அக்டோபர் 16

சட்டச் சொற்கள். 'பெயில்' என்றதும் 'கவுத்சியா' என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள். கவுத்சியா என்றால் ஸ்லோவாக்காரர் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். இங்கே போலீஸ் பெயிலில் பெரும்பாலும் காசு கட்டும் பேச்சே இல்லை, சொன்ன தேதிக்குத் திரும்பி வர வேண்டும். அதனால் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு வாக்கியம் மனப்பாடம். நாற்பது அட்டை எழுதினேன், கை வலி.

அக்டோபர் 23

இன்று ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன்.

பயிற்சி நாடகம். கடையில் திருட்டு, கேமராவில் எட்டே கால் மணிக்குப் பதிவாகியிருக்கிறது. சந்தேக நபராக நடித்த ஆசிரியை, "பொல் உவோஸ்மெய்க்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்றார். பொல் என்றால் அரை, உவோஸ்மெய் எட்டாவது. நான் மளமளவென்று "ஹாஃப் எய்ட்" என்றேன். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் ஸ்லோவாக்காரருக்கு அது எட்டாவது மணியின் பாதி, அதாவது ஏழரை. ஆங்கிலேயருக்கு ஹாஃப் எய்ட் என்றால் எட்டரை. திருட்டுக்கு முக்கால் மணி முன்பே வீட்டில் இருந்த மனுஷனை, திருட்டு முடிந்து கால் மணி கழித்துத்தான் வீட்டுக்குள் விட்டிருக்கிறேன்.

கோஷிட்சேயில் இந்த மணிக்கணக்கை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அங்கே நடுவில் ஆங்கிலம் இல்லை, ஏழரை என்று நேரே தமிழில் மனசில் விழும். இப்போது எனக்கே ஏழரை.

நவம்பர் 6

பயிற்சி நாடகத்தில் ஒரு தாய், எதிரில் போலீஸ். "உயோ மிட்டாய் தருகிறேன் என்று கூப்பிட்டதாகப் பையன் சொன்னான்" என்கிறார். நான் "அங்கிள்" என்றேன். போலீஸ் உடனே பேனாவைத் திறந்தது. அம்மாவின் தம்பியா, அப்பாவின் தம்பியா? பெயர்? முகவரி? தாய் திருதிருவென்று விழிக்கிறார்.

உயோ தாய்மாமனாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்லோவாக் பிள்ளைகளுக்கு பஸ் ஓட்டுநரும் உயோ, எதிர்வீட்டுக்காரரும் உயோ. "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று யாரென்றே தெரியாதவர் முன்னால் நிறுத்தப்பட்டு வளர்ந்தவள் நான். எனக்கா இது தெரியாது? ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அங்கிள் ரத்த சொந்தமாகிவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குடும்பத்தின் மேல் பழி.

இந்த மாதிரி இடத்தில் பேச்சை நிறுத்த அனுமதி உண்டு. அப்போது மட்டும் 'நான்' கூடாது. "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறார்" என்று என்னையே யாரோ மாதிரி சொல்லிவிட்டு, உயோ என்றால் யாரை என்று கேட்க வேண்டும். கேட்டதை மற்றவருக்கும் சொல்லிவிட வேண்டும். மூன்று தடவை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நவம்பர் 20

தேர்வு முடிந்தது. நாடகம் இரண்டிலும் இஷியெல் இஷியெலாகவே வந்தது. காதருகே கிசுகிசுத்துக்கொண்டே மொழிபெயர்க்கும் பகுதியில் தொண்டை கட்டிவிட்டது. கடிதத்தைப் பார்த்தபடியே வாய்விட்டுப் பெயர்க்கும் பகுதி சரியில்லை. ஸ்லோவாக்கில் சொல்ல வேண்டிய பத்தியில் ஒரு வாக்கியம் ஐந்து வரி, வினை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நேரம் போய்விட்டது.

பிப்ரவரி 4

முடிவு வந்தது. மற்றதெல்லாம் தேறிவிட்டேன், அந்த ஸ்லோவாக் பத்தியில் மட்டும் தோல்வி. அதை மட்டும் திரும்ப எழுதலாம். அப்புறம் மொழிபெயர்ப்பாளர்களின் தேசியப் பதிவேட்டில் முழுத் தகுதியோடு பெயர் வர 400 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் இரண்டு வருஷம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மறுதேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து மகன், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டான். "பொல் உவோஸ்மெய்" என்றேன். சரியாக ஏழரைக்கு வந்து உட்கார்ந்தான். தோசைக்கல் இன்னும் காயவில்லை.